ஒரு எக்செல் கோப்பிலிருந்து இன்னொன்றின் மேக்ரோவைக் கூப்பிட: எந்த வழி யாருக்கு?

மலேசியாவின் பினாங்கில் உள்ள எங்கள் கம்பெனிக்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கடை, பிறையில் ஒரு கிடங்கு, பாயான் லெப்பாஸில் டெலிவரி பிரிவு. சம்பளக் கணக்குக்கு ஆறு எக்செல் கோப்புகள்: கடை, ஆபீஸ், டெலிவரி, கிடங்கின் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட், அந்நியத் தொழிலாளர்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), இஐஎஸ் (வேலையிழப்புக் காப்புறுதி) பிடித்தத்தைக் கணக்கிடும் அதே மேக்ரோ, அதாவது எக்செல்லுக்குள் எழுதும் சிறு நிரல், ஆறிலும் இருந்தது. யாரோ பல வருடங்களுக்கு முன் எழுதியதை, அடுத்து வந்தவர்கள் நகல் எடுத்து ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

2024 அக்டோபரில் சொக்சோவின் சம்பள உச்சவரம்பு 5,000 ரிங்கிட்டிலிருந்து 6,000 ஆனது. நான் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மாற்றினேன். ஐந்தில் மாற்றியாயிற்று. இரவு ஷிப்ட் கோப்பை அந்த நேரம் வேறொருவர் திறந்து வைத்திருந்ததால், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். விட்டது விட்டதுதான். ஓவர்டைமோடு சேர்த்து 6,000-ஐத் தாண்டும் மூன்று பேருக்குப் பழைய கணக்கே போனது. முதலாளி பங்கு 104.15 கட்ட வேண்டிய இடத்தில் 86.65, தொழிலாளி பங்கு 29.75-க்குப் பதில் 24.75, இஐஎஸ் இரு தரப்பிலும் 11.90-க்குப் பதில் 9.90. ஆளுக்கு மொத்தம் 26.50 ரிங்கிட் குறைவு. தொகை சின்னதுதான். ஆனால் வேலையில் அடிபட்டவருக்குக் கிடைக்க வேண்டிய பணம் அது. எவ்வளவு சம்பளத்துக்குச் சந்தா கட்டினோமோ அதை வைத்துத்தான் அவருக்கு உதவித்தொகை வரும். அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்த்தபோது பிடிபட்டது, வித்தியாசத்தைக் கட்டினோம். அன்றிலிருந்து நகல் மேக்ரோ என்றாலே எனக்கு மனசு ஒப்பவில்லை.

எங்களோடு புதிதாகச் சேர்ந்த பெண் அப்போது கேட்டாள்: “அக்கா, ஒரே மேக்ரோவை ஒரு கோப்பில் மட்டும் வைத்துவிட்டு, மற்ற கோப்புகளிலிருந்து கூப்பிட முடியாதா?”

“முடியும் தங்கச்சி. எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் சிக்கல்” என்றேன்.

அந்தச் சிக்கலைத்தான் இங்கே எழுதுகிறேன். இருக்கிற வழிகளை எல்லாம் எங்கள் ஆபீஸில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தோம். சின்ன கம்பெனியில் கணக்கு வேலையோடு எக்செல் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறோம். அவர்களை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

இரண்டு கேள்விகள், ஒன்றல்ல

இதைப் பற்றிப் பேசும்போது பலரும் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நிரல் எங்கே குடியிருக்கிறது என்பது ஒன்று. அதை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பது இன்னொன்று. சாதாரண மேக்ரோ கோப்பில் வைக்கலாம், பெர்சனல் மேக்ரோ கோப்பில் வைக்கலாம், ஆட்-இன் (எக்செல்லோடு சேர்ந்து தானாக ஏறும் கோப்பு) ஆக்கியும் வைக்கலாம். இவை மூன்றும் குடியிருப்பு. கூப்பிடுவதற்கு முக்கியமாக இரண்டு வழி: அப்ளிகேஷன்.ரன் என்ற கட்டளை, அல்லது விபிஏ (மேக்ரோ எழுதும் மொழி) எடிட்டரில் டூல்ஸ் மெனுவுக்குள் இருக்கும் ரெஃபரன்ஸ். “ஆட்-இன் நல்லதா, அப்ளிகேஷன்.ரன் நல்லதா” என்று கேட்டால் அந்தக் கேள்வியே சரியில்லை. ஆட்-இன்னில் இருக்கும் மேக்ரோவையும் இன்னொரு கோப்பின் நிரலிலிருந்து கூப்பிட அப்ளிகேஷன்.ரன்னோ ரெஃபரன்ஸோ வேண்டும்.

இதைப் பிரித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

அப்ளிகேஷன்.ரன்

பெரும்பாலோர் முதலில் பழகுவது இதுதான், நானும் அப்படித்தான். எந்தக் கோப்பு, அதில் எந்த மேக்ரோ என்பதை ஒரு சொற்சரமாக எழுதிக் கொடுக்கிறோம்: ஒற்றை மேற்கோளுக்குள் கோப்பின் பெயர், ஆச்சரியக்குறி, மேக்ரோவின் பெயர். பிறகு காற்புள்ளி போட்டு, அந்த மேக்ரோவுக்குத் தேவையான மதிப்புகள். 30 மதிப்புகள் வரை அனுப்பலாம். கூப்பிடப்படுவது ஃபங்ஷன் என்றால் விடை திரும்பி வரும்.

இதன் பெரிய நன்மை, இரண்டு கோப்புகளுக்கும் நடுவில் நிரந்தரக் கட்டு எதுவும் இல்லாதது. கூப்பிடும் நேரத்தில் அந்தக் கோப்பு திறந்திருந்தால் போதும். பெயரோடு முழுப் பாதையையும் கொடுத்தால், திறக்காமல் இருக்கும் கோப்பை எக்செல் தானே திறந்து மேக்ரோவை ஓட்டும். மாதக் கடைசியில் ஒரே ஒரு தடவை ஓடும் வேலைக்கு இதைவிட எளிய வழி இல்லை. எந்த மேக்ரோவைக் கூப்பிட வேண்டும் என்பதையே ஒரு செல்லில் எழுதி வைத்து, அதைப் படித்துக் கூப்பிடவும் முடியும். ரெஃபரன்ஸில் இது நடக்காது.

ஆனால் சொற்சரம் என்பதே இதன் பலவீனமும். ஓர் எழுத்து தப்பினாலும் ஓடும்போதுதான் தெரியும், முன்கூட்டி எந்தச் சோதனையும் இல்லை. தெரியும்போதும் வருவது பிழை எண் 1004, “இந்த மேக்ரோவை ஓட்ட முடியவில்லை, அது இந்தக் கோப்பில் இல்லாமல் இருக்கலாம் அல்லது மேக்ரோக்கள் முடக்கப்பட்டிருக்கலாம்” என்ற பொருளில் ஒரே ஒரு செய்தி. பெயர் தப்பா, கோப்பு திறக்கவில்லையா, மேக்ரோ முடக்கமா என்று அது சொல்லாது. நான் வரிசையாகப் பார்க்கும் இடங்கள் இவை:

கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் ஒற்றை மேற்கோள் கட்டாயம். “காஜி (சம்பளம்) ஜூன் 2025” என்பதுபோல மலாயும் எண்ணும் இடைவெளியுமாகத்தானே நாம் பெயர் வைக்கிறோம். மேற்கோள் இல்லாமல் அது ஓடாது. பெயருக்குள்ளேயே ஒற்றை மேற்கோள் இருந்தால் அதை இரட்டித்து எழுத வேண்டும். இமெயிலில் வந்த கோப்பை மறுபடி இறக்கினால் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 ஒட்டிக்கொள்ளும். பெயரை நிரலில் கையால் எழுதி வைத்திருந்தால் அந்த மாதம் எல்லாம் நின்றுவிடும். அதனால் பெயரை எழுதவே எழுதாதீர்கள். கோப்பை நிரலாலேயே திறந்து ஒரு மாறியில் பிடித்துவையுங்கள், அந்த மாறியிலிருந்து பெயரை எடுத்துச் சொற்சரத்தைக் கட்டுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்குப் பிறகு எங்கள் ஆபீஸில் 1004 ஏறக்குறைய இல்லாமல் போயிற்று.

மேக்ரோவின் பெயரும் அது எழுதப்பட்ட பக்கமான மாட்யூலின் பெயரும் ஒன்றாக இருந்தால் எக்செல் குழம்பும், இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். மேக்ரோ சாதாரண மாட்யூலில் இல்லாமல் ஷீட்டின் நிரல் பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கத்தின் பெயரையும் முன்னால் சேர்க்க வேண்டும். கோப்பு வேறொரு எக்செல் செயலியில், அதாவது தனியாகத் துவக்கிய இன்னொரு எக்செல்லில் திறந்திருந்தால், கண்ணெதிரே தெரிந்தாலும் அப்ளிகேஷன்.ரன்னுக்கு அது கிடைக்காது.

அனுப்பும் மதிப்புகள் நகலாகத்தான் போகும். கூப்பிடப்பட்ட மேக்ரோ உள்ளே அவற்றை மாற்றினாலும் இங்கே மாறாது. எண்களை அனுப்பி, மாற்றம் அதே மாறியில் திரும்பி வரும் என்று எதிர்பார்த்து எழுதிய பழைய நிரல் இருந்தால், அதை ஃபங்ஷனாக மாற்றி விடையைத் திருப்பிக் கொடுக்கும்படி எழுத வேண்டியிருக்கும்.

இன்னொன்று, கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது. ஒரு மேக்ரோவுக்கு கண்ட்ரோலும் ஷிஃப்ட்டும் சேர்ந்த குறுக்குவிசை வைத்திருந்தேன். அந்த மேக்ரோ கருவிக் கோப்பை, அதாவது பொது மேக்ரோக்களை வைத்திருக்கும் கோப்பை, திறக்கும், அப்புறம் அதிலுள்ள மேக்ரோவைக் கூப்பிடும். கோப்பு திறந்ததும் எல்லாம் அப்படியே நின்றுவிடும், பிழைச் செய்தி கூட வராது. கோப்பு திறக்கும் நேரத்தில் ஷிஃப்ட் அழுத்தியிருந்தால் எக்செல் அதை மேக்ரோவை நிறுத்தச் சொல்லும் சைகையாக எடுத்துக்கொள்கிறது. குறுக்குவிசையிலிருந்து ஷிஃப்ட்டை எடுத்தவுடன் சரியாயிற்று.

எந்தக் கோப்பில் எழுதுகிறோம்?

அடுத்த வழிக்குப் போவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். எந்த வழியை எடுத்தாலும் ஆபத்து இந்த இடத்தில்தான்.

மேக்ரோவும் தரவும் ஒரே கோப்பில் இருந்த காலத்தில் திஸ்ஒர்க்புக், ஆக்டிவ்ஒர்க்புக் இரண்டும் ஒன்றையே குறித்தன. மேக்ரோவை வேறு கோப்புக்குக் கொண்டுபோனதும் அவை பிரிந்துவிடும். திஸ்ஒர்க்புக் என்றால் நிரல் குடியிருக்கும் கோப்பு. ஆக்டிவ்ஒர்க்புக் என்றால் அந்த நொடியில் முன்னால் நிற்கும் கோப்பு. பழைய நிரலை அப்படியே கருவிக் கோப்புக்கு நகர்த்தினால், திஸ்ஒர்க்புக் என்று எழுதிய வரிகள் சம்பளத்தைக் கருவிக் கோப்பிலேயே எழுதப் பார்க்கும். பயந்துபோய் எல்லாவற்றையும் ஆக்டிவ்ஒர்க்புக் என்று மாற்றினால், நடுவில் யாராவது வேறு கோப்பைச் சொடுக்கியிருக்கும்போது அதில் எழுதிவிடும். கோப்பின் பெயரே இல்லாமல் வெறுமனே ரேஞ்ச் என்று எழுதியதும் முன்னால் நிற்கும் ஷீட்டைத்தான் பிடிக்கும். இரவு ஷிப்ட்டின் எண்கள் பகல் ஷிப்ட் கோப்பில் போய் உட்கார்ந்தால் பிழைச் செய்தி வராது, பார்ப்பதற்கும் சம்பளம் மாதிரியே இருக்கும்.

இதற்கு ஒரே தீர்வுதான் எனக்கு நம்பிக்கை தந்தது: எந்தக் கோப்பில் வேலை செய்ய வேண்டுமோ அந்தக் கோப்பையே மதிப்பாக அனுப்புவது. கூப்பிடும் கோப்பு “இதோ நான்” என்று தன்னை அனுப்ப வேண்டும். கருவி மேக்ரோ அந்த மதிப்பைத் தவிர வேறு எந்தக் கோப்பையும் தொடக் கூடாது. அப்ளிகேஷன்.ரன்னிலும் ஒர்க்புக்கையோ ரேஞ்சையோ தாராளமாக அனுப்பலாம்.

ரெஃபரன்ஸ்

விபிஏ எடிட்டரில் டூல்ஸ், ரெஃபரன்ஸ் போய், கருவிக் கோப்பின் புராஜெக்டை டிக் செய்தால், அதிலுள்ள பொது மேக்ரோக்கள் எல்லாம் நம் கோப்பிலேயே எழுதியவை போல ஆகிவிடும். பெயரைத் தட்ட ஆரம்பித்ததும் பட்டியல் விழும். எத்தனை மதிப்பு வேண்டும் என்று காட்டும். கம்பைல் செய்தால் எழுத்துப் பிழை அங்கேயே மாட்டும். எஃப்8 அழுத்தி ஒவ்வொரு வரியாகக் கருவிக் கோப்புக்குள்ளேயே நடந்து போகலாம். வேகமும் அதிகம், ஒரு லூப்பில் ஆயிரக்கணக்கான தடவை கூப்பிட்டால் அப்ளிகேஷன்.ரன்னுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எழுதுகிறவருக்கு இது சொர்க்கம். பயன்படுத்துகிறவருக்கு அப்படி இல்லை.

முதலில் ஒரு சின்னத் தடங்கல்: எல்லா எக்செல் கோப்பின் புராஜெக்டுக்கும் இயல்பாக ஒரே பெயர்தான் இருக்கும். பெயர் மோதினால் ரெஃபரன்ஸ் சேராது, கருவிக் கோப்பின் புராஜெக்டுக்குத் தனிப்பெயர் வைக்க வேண்டும். இது ஒரு நிமிட வேலை. ஆனால் அதற்குப் பிறகு, சம்பளக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கருவிக் கோப்பும் கூடவே திறக்கும். சம்பளக் கோப்பு திறந்திருக்கும் வரை அதை மூடவும் விடாது. இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று ரெஃபரன்ஸ் செய்துகொள்ளவும் முடியாது.

உண்மையான தலைவலி, கருவிக் கோப்பு இடம் மாறும்போது வரும். சர்வரில் ஃபோல்டர் பெயரை ஒருவர் மாற்றினார், அவ்வளவுதான். ரெஃபரன்ஸ் பட்டியலில் அந்த வரிக்கு முன்னால் மிஸ்ஸிங் என்று விழுந்தது. ஆனால் பயனருக்கு அது தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது, டேட், லெஃப்ட், டிரிம் மாதிரி விபிஏவின் சொந்த ஃபங்ஷன்கள் உள்ள வரியில் நிரல் நின்று, புராஜெக்ட் அல்லது லைப்ரரி கிடைக்கவில்லை என்று சொன்னதுதான். சம்பந்தமே இல்லாத இடத்தில் பிழை காட்டுவதால், விஷயம் தெரியாதவர் நாள் முழுக்கத் தேடினாலும் காரணத்தைப் பிடிக்க மாட்டார். கோப்பை வெளியே கணக்காய்வாளருக்கு அனுப்பினால் அவர் கம்ப்யூட்டரில் இதே கதை நடக்கும்.

அதனால் ரெஃபரன்ஸை நான் இரண்டு சூழல்களில்தான் சிபாரிசு செய்வேன்: எழுதுபவரும் ஓட்டுபவரும் ஒருவரே, கோப்புகள் இடம் மாறப் போவதில்லை, அல்லது கருவிக் கோப்பில் கிளாஸ் மாட்யூல்கள் (சொந்தமாக ஒரு பொருள் வகையை வரையறுக்கும் நிரல்கள்) இருக்கின்றன. கிளாஸ் இருந்தால் ரெஃபரன்ஸை விட்டு வேறு நல்ல வழி இல்லை. அப்போதும் கிளாஸின் இன்ஸ்டான்சிங் குணத்தை மாற்றி, அதை உருவாக்கித் தரும் ஒரு ஃபங்ஷனையும் கருவிக் கோப்பிலேயே எழுத வேண்டும்.

இரண்டையும் கலந்தும் செய்யலாம். எழுதிச் சோதிக்கும்போது ரெஃபரன்ஸ், மற்றவர்களிடம் கொடுக்கும்போது ரெஃபரன்ஸை நீக்கி அப்ளிகேஷன்.ரன். வேலை இரட்டிப்பு, ஆனால் பெரிய நிரலுக்கு அது தகும்.

பெர்சனல் மேக்ரோ கோப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேக்ரோவைப் பதிவு செய்யும்போது எங்கே சேமிப்பது என்ற இடத்தில் அதைத் தேர்ந்தால் எக்செல்லே உருவாக்கிக் கொடுக்கும். எக்செல் திறக்கும்போதெல்லாம் மறைவாகத் திறந்து நிற்கும். உங்கள் கைவேலைக்கு, அதாவது நெடுவரிசையை அகலப்படுத்துவது, வரிகளுக்கு நிறம் போடுவது போன்றவற்றுக்கு, அது அருமையான இடம். ஆனால் அது உங்கள் கம்ப்யூட்டரில் உங்கள் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. இன்னொருவர் கோப்பு அதை நம்பக் கூடாது. நீங்கள் ஒரு வாரம் விடுப்பில் தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்குப் போனால், உங்கள் மேசையில் உட்காராமல் யாராலும் சம்பளம் போட முடியாது. சம்பளக் கணக்கு இருக்க வேண்டிய இடம் அது இல்லை.

ஆட்-இன்

2007 பதிப்பிலிருந்து எக்ஸ்எல்ஏஎம் என்ற வகையில் சேமிப்பதுதான் இது. கருவிக் கோப்பை அந்த வகையில் சேமித்து, ஒவ்வொருவர் எக்செல்லிலும் டெவலப்பர் பட்டையில் எக்செல் ஆட்-இன்ஸ் போய் டிக் செய்தால், அன்றிலிருந்து எக்செல்லோடு சேர்ந்து அது தானாக ஏறும். ஷீட்கள் கண்ணுக்குத் தெரியாது, யாரும் தவறிப்போய் மூடவோ மாற்றவோ வழியில்லை.

எங்களுக்கு இதில் பிடித்துப்போனது செல் ஃபார்முலா. ஆட்-இன்னில் எழுதிய ஃபங்ஷனை எந்தக் கோப்பின் செல்லிலும், கோப்புப் பெயர் எதுவும் சேர்க்காமல், சம் போல நேராக எழுதலாம். சாதாரண மேக்ரோ கோப்பில் இருந்தால் முன்னால் கோப்புப் பெயரும் ஆச்சரியக்குறியும் வர வேண்டும்.

இபிஎஃப்பில் இதன் அருமை புரியும். பலர் சம்பளத்தை 11 சதவீதத்தால் பெருக்கி விட்டுவிடுகிறார்கள். ஆனால் இபிஎஃப் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி 5,000 ரிங்கிட் வரை 20 ரிங்கிட் படிகளாகப் போகிறது, அந்தப் படியின் மேல் எல்லைக்குத்தான் சதவீதம். 1,690 ரிங்கிட் சம்பளத்துக்கு நேராகப் பெருக்கினால் 185.90 வரும். அட்டவணையில் அது 1,680-க்கு மேல் 1,700 வரை உள்ள படி. தொழிலாளி பங்கு 187, முதலாளி பங்கு 13 சதவீதத்தில் 221. 5,000-க்கு மேல் படி 100 ரிங்கிட்டாகிறது, முதலாளி பங்கு 12 சதவீதமாகிறது. இவ்வளவையும் ஒவ்வொரு செல்லிலும் ஃபார்முலாவாக எழுதினால் அதை யாரும் படித்துச் சரிபார்க்க முடியாது. ஒரு ஃபங்ஷனில் ஒரு தடவை சரியாக எழுதிவிட்டால் ஆறு கோப்பும் ஒரே விடையைச் சொல்லும்.

ஆட்-இன்னிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. சர்வரில் இருக்கும் ஆட்-இன்னைச் சேர்க்கும்போது, அதை உங்கள் சொந்த ஆட்-இன்ஸ் ஃபோல்டருக்கு நகல் எடுக்கவா என்று எக்செல் கேட்கும். வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஆம் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவருடைய கம்ப்யூட்டரில் அன்றைய நகல் தங்கிவிடும், சர்வரில் நீங்கள் எத்தனை தடவை திருத்தினாலும் அவருக்குப் போகாது. நகல் ஒழிய வேண்டும் என்று தொடங்கி, இன்னொரு நகலில் போய் முடியும். சர்வரில் உள்ள ஆட்-இன் கோப்பை ரீட்-ஒன்லி ஆக்கி வையுங்கள். அப்படி வைத்தால் மற்றவர்கள் எக்செல் திறந்திருக்கும்போதே புதிய பதிப்பை அதன்மேல் வைக்க முடியும். அவர்கள் எக்செல்லை மூடித் திறந்ததும் புதியது ஏறும்.

ஆட்-இன் மேக்ரோக்கள் ஆல்ட் எஃப்8 பட்டியலில் வராது. அதனால் “மேக்ரோவே காணோம்” என்று சிலர் பதறுவார்கள். மேலே உள்ள விரைவுப் பட்டையில் ஒரு பட்டன் வைத்துக் கொடுத்துவிட்டால் சரி. இன்னொரு செயலி எக்செல்லை நிரல்வழியாகத் துவக்கினால் ஆட்-இன்கள் தானாக ஏறாது. இரவில் தானாக ஓடும் வேலை ஏதாவது வைத்திருப்பவர்கள், ஆட்-இன் கோப்பை நிரலிலேயே திறக்க வேண்டும்.

பூட்டும் சாவியும்

எந்த வழியானாலும் மேக்ரோவை ஓட விட வேண்டும். 2022-லிருந்து மைக்ரோசாஃப்ட், இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கிறது. முன்போல மஞ்சள் பட்டையில் அனுமதி பட்டன் வராது, சிவப்புப் பட்டை வந்து அதோடு நிற்கும். வாட்ஸ்அப்பிலோ இமெயிலிலோ கருவிக் கோப்பை அனுப்பிப் பழகியவர்களுக்கு இதுதான் முதல் அடி. அந்தக் கோப்பின் பிராப்பர்ட்டீஸ் போய் அன்பிளாக் டிக் செய்யலாம். ஆனால் வந்த கோப்பையெல்லாம் அப்படித் திறந்துவிடும் பழக்கத்தை ஆபீஸில் யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். தடை நம் நன்மைக்காக வந்தது. கருவியைச் சர்வரில் ஒரு ஃபோல்டரில் வைத்து, அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் நம்பகமான இடமாகச் சேர்ப்பது மேல். நெட்வொர்க் ஃபோல்டரைச் சேர்க்க அதற்கென உள்ள தனி டிக்கையும் போட வேண்டும். அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை ஒருவர் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது.

ஒன்டிரைவில் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: திஸ்ஒர்க்புக்கின் பாதையைக் கேட்டால் சி டிரைவ் பாதை வராது, இணைய முகவரி வரும். “இதே ஃபோல்டரில் உள்ள கருவிக் கோப்பைத் திற” என்று டிர் ஃபங்ஷனால் தேடும் நிரல் அங்கே விழும். பிரௌசரில் திறக்கும் எக்செல்லில் விபிஏ ஓடவே ஓடாது. அங்கே இருப்பது ஆபீஸ் ஸ்கிரிப்ட்ஸ், அது வேறு மொழி, வேறு அமைப்பு. எல்லோரும் பிரௌசரிலேயே வேலை செய்கிற ஆபீஸாக இருந்தால் மேலே சொன்ன எதிலும் நேரம் செலவிடாமல் அந்தப் பக்கம் போவது நல்லது.

நாங்கள் எடுத்த முடிவு

பிடித்தத் தொகைகளைச் சொல்லும் ஃபங்ஷன்கள் ஆட்-இன்னில், சர்வரில் ஒரே பிரதி. மாதக் கடைசியில் ஆறு கோப்பையும் சேர்த்து ஒரே பட்டியலாக்கும் பெரிய வேலை, தனி மேக்ரோ கோப்பில். அது ஒவ்வொரு சம்பளக் கோப்பாகத் திறந்து மாறியில் பிடித்து, ஆட்-இன்னில் உள்ள சரிபார்ப்பு மேக்ரோவை அப்ளிகேஷன்.ரன்னால் கூப்பிட்டு, அந்தக் கோப்பையே மதிப்பாக அனுப்பும். ரெஃபரன்ஸ் எங்கேயும் இல்லை. சம்பளக் கோப்புகளில் இப்போது நிரலே இல்லை. அவற்றை மேக்ரோ இல்லாத சாதாரண வகைக்கு மாற்றிவிட்டோம்.

இரண்டு கோப்பும் ஒரு ஆளும் மட்டும் என்றால் ஆட்-இன் தேவையில்லை, அப்ளிகேஷன்.ரன் போதும். மூன்று பேருக்கு மேல் ஒரே ஃபங்ஷனைச் செல்லில் எழுதுகிறார்கள் என்றால் தயங்காமல் ஆட்-இன்னுக்குப் போங்கள். நாள் முழுக்க விபிஏ எழுதுவதே வேலை என்றால் ரெஃபரன்ஸின் வசதியை விட மனசு வராது, உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்துக்குக் கொண்டுவரும்போதே இன்னொன்றையும் செய்தோம், அதைச் செய்யாமல் விட்டிருந்தால் வேறு வம்பு வந்திருக்கும். ஃபங்ஷனுக்குச் சம்பளத்தோடு சம்பள மாதத்தையும் கொடுக்க வேண்டும். நகல்கள் இருந்த காலத்தில் பழைய கோப்பில் பழைய கணக்கு உறைந்து கிடந்தது. ஒரே இடத்தில் ஃபங்ஷன் இருந்தால், இன்று வரம்பை மாற்றியதும் 2023-ன் கோப்பைத் திறந்து மறுகணக்குப் போட்டால் அதுவும் மாறிவிடும். அதனால் சொக்சோ ஃபங்ஷன் மாதத்தைப் பார்க்கும்: 2022 செப்டம்பருக்கு முன் 4,000, அதிலிருந்து 2024 செப்டம்பர் வரை 5,000, அக்டோபர் முதல் 6,000. இந்த எண்கள் நிரலில் இல்லை, ஆட்-இன்னுக்குள்ளேயே மறைந்திருக்கும் ஒரு ஷீட்டில் தேதியோடு வரிசையாக இருக்கின்றன. இங்கே திஸ்ஒர்க்புக் என்று எழுதுவது சரி, ஏனென்றால் அட்டவணை நிரல் குடியிருக்கும் கோப்பிலேயே இருக்கிறது.

2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அந்நியத் தொழிலாளர்களுக்கும் இபிஎஃப் வந்தது, இரு தரப்பும் 2 சதவீதம். இந்த முறை அந்த ஷீட்டில் ஒரு வரி சேர்த்தோம். ஆட்-இன்னைச் சர்வரில் மாற்றி வைத்தோம். எல்லோரையும் எக்செல்லை ஒரு தடவை மூடித் திறக்கச் சொன்னோம். ஆறு கோப்பிலும் தலா மூன்று பேரைக் கையால் கணக்குப் போட்டு ஒப்பிட்டாள் தங்கச்சி. “அக்கா, எல்லாம் ஒத்துப்போகுது” என்றாள். மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியதை அதற்கு முன்பே கட்டியாயிற்று.

கணக்காய்வாளருக்குக் கோப்பு அனுப்பும்போது மட்டும் ஒரு வேலை கூடியிருக்கிறது. அவரிடம் எங்கள் ஆட்-இன் கிடையாது, மறுகணக்கு ஓடினால் பிடித்தம் உள்ள செல்லில் எல்லாம் பெயர்ப் பிழை விழும். அதனால் ஒரு நகல் எடுத்து, அந்தச் செல்களை வெறும் மதிப்புகளாக ஒட்டி, கோப்புப் பெயரில் “ஆடிட்” என்று சேர்த்து அனுப்புகிறோம்.